வாசலில் கொஞ்சம் நின்று நுழையுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 56 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மதிய வெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்றிரண்டு நிமிடம் கண் இருட்டிக்கொண்டு ஒன்றுமே தெரிவதில்லை. போன மாதம் படி தெரியாமல் கால் இடறி விழப் பார்த்தேன். முன்பு இப்படி இல்லை, ஒரு வருடமாகத்தான். இரவில் கார் ஓட்டும்போது எதிரே வரும் வண்டியின் விளக்கு அடித்தால், அது கடந்து போன பிறகும் சில நொடிகள் சாலை தெரிய மாட்டேன் என்கிறது. ராத்திரி மின்சாரம் போனால் என் மகள் கொஞ்ச நேரத்தில் சாதாரணமாக நடமாடுகிறாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு துழாவுகிறேன். நேரம் போகப் போக எனக்கும் தெரிகிறது. "கண் பாப்பா விரிய நேரம் ஆகும்மா, அவ்வளவுதான்" என்கிறாள் மகள். இது மாலைக்கண்ணா? காரட் நிறையச் சாப்பிட்டால் சரியாகுமா? வைட்டமின் மாத்திரை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

வெயிலில் இருந்து உள்ளே வந்ததும் கொஞ்ச நேரம் கண் தெரியாமல் போவது நோய் இல்லை. எனக்கும் அப்படித்தான், உங்கள் மகளுக்கும் அப்படித்தான். அந்த வகையில் நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் "முன்பு இப்படி இல்லை, ஒரு வருடமாகத்தான்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் லேசாக விட மாட்டேன். கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் பழகுகிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, எல்லாக் கண்ணும் பழகும். எவ்வளவு நேரத்தில் பழகுகிறது, அந்த நேரம் முன்பைவிடக் கூடியிருக்கிறதா, இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரம்தானா? இதைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "கண் இருட்டிக்கொண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். படுக்கையில் இருந்தோ நாற்காலியில் இருந்தோ சட்டென்று எழும்போதும் நாம் இதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். அது வேறு. வெளிச்சத்தில் மாற்றமே இல்லாமல், எழுந்த உடனே கண் இருட்டினால் அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்குவதால் வருவது. தலையும் லேசாகச் சுற்றும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவும் உண்டு என்பதால் சொல்கிறேன். அப்படி இருந்தால் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வெளிச்சம் மாறும்போது மட்டும் வருகிறது. ஆகவே கண்ணைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் மகள் சொன்னது பாதி சரி. கண்ணின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டத்தைப் பாப்பா என்றும் பாவை என்றும் சொல்கிறோம். ஒருவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே ஒரு குட்டி பொம்மை போல அங்கே தெரியும், அதனால் வந்த பெயர். (லத்தீன் மொழியிலும் அதற்குச் 'சின்ன பொம்மை' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.) அது ஒரு ஓட்டைதான். வெளிச்சம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும். சுருங்குவதில் அது படு வேகம்: வெளிச்சம் பட்டுக் கால் நொடியில் வேலையைத் தொடங்கி, ஒரு நொடிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடும். விரிவது மெதுவாக நடக்கும். முழுதாக விரியப் பல நொடிகள், சிலருக்கு ஒரு நிமிடமும் ஆகலாம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இளம் வயதில் பாவை சுமார் 2 மில்லிமீட்டர் வரை சுருங்கும், 8 மில்லிமீட்டர் வரை விரியும். குறுக்களவு நான்கு மடங்கு என்றால் பரப்பளவு 16 மடங்கு. அதாவது பாவை எவ்வளவு பாடுபட்டாலும் உள்ளே விடும் ஒளியை 16 மடங்குதான் கூட்டிக் குறைக்க முடியும். வெளியே உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு இது). வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் அறையில் 200 லக்ஸ் இருந்தால் அதிகம். வாசல்படியைத் தாண்டும் அந்த ஒரு அடியில் ஒளி 500 மடங்கு இறங்கிவிடுகிறது. பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ்தான் இருக்கும், அதிலும் நமக்குப் பாதை தெரிகிறது. 16 மடங்கை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. உங்கள் வயதில் பாவை இருட்டிலும் அவ்வளவாக விரியாது என்பதால் அந்த 16-கூட உங்களிடம் இல்லை. பலருக்கு ஆறு, ஏழு மடங்கோடு நின்றுவிடும்.

மீதி வேலையை யார் செய்கிறார்கள்? கண்ணின் பின்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை. நீங்கள் வாசலில் தடுமாறும் அந்த ஒன்றிரண்டு நிமிடமும் விழித்திரை ரசாயன வேலை செய்துகொண்டிருக்கிற நேரம்.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம், கோல் செல்கள் சுமார் 12 கோடி. கூம்புகள் வெளிச்சத்தில் வேலை செய்பவை. நிறம் காட்டும், நுணுக்கமாகப் படிக்க வைக்கும். கோல்கள் இருட்டுக்கானவை, நிறம் தெரியாது, நுணுக்கமும் போதாது, ஆனால் துளி ஒளியைக்கூட விடாது. 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூன்று பேர் அளந்து பார்த்தார்கள். நன்றாக இருட்டுக்குப் பழகிய கண், ஒரு சில ஒளித்துகள்கள் விழித்திரையில் பட்டாலே 'ஏதோ மின்னியது' என்று கண்டுபிடித்துவிடுகிறது. நம் எல்லாரிடமும் இருக்கும் சாதாரணக் கண்ணின் திறமை இது.

கோல் செல்களுக்குள் ரோடாப்சின் என்று ஒரு நிறப்பொருள் இருக்கிறது. 1876-இல் பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் தவளையின் விழித்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருட்டில் சிவப்பாக இருந்த அது வெளிச்சத்தில் வெளுத்துப்போவதைக் கவனித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வில்ஹெல்ம் கூனே அந்தச் சிவப்பைத் தனியே பிரித்தெடுத்தார். கூடவே ஒரு விஷயத்தையும் கண்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். விழித்திரையைப் பின்னால் இருக்கும் கரிய படலத்திலிருந்து பிரித்துவிட்டால் வெளுத்த சிவப்பு திரும்ப வருவதில்லை. அந்தப் படலத்தோடு மறுபடி ஒட்ட வைத்தால் திரும்பி வருகிறது. அதாவது ஒளி பட்டுச் சிதைந்த நிறப்பொருளை மீண்டும் தயார்செய்து தரும் பட்டறை, விழித்திரைக்குப் பின்னால் அந்தப் படலத்தில் இருக்கிறது. பின்னர் 1933-இல் ஜார்ஜ் வால்டு விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார். ரோடாப்சினில் ஒளியைப் பிடிக்கும் பகுதி வைட்டமின் ஏ-யில் இருந்து உருவாவதுதான். இதற்காக 1967-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்போது உங்கள் வாசலுக்கு வாருங்கள். வெயிலில் நின்றபோது உங்கள் கோல் செல்களில் இருந்த ரோடாப்சினில் பெரும்பகுதி வெளுத்துப்போயிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் பட்டறை வேலையைத் தொடங்குகிறது. கூம்பு செல்களின் நிறப்பொருள் சீக்கிரம் திரும்பும். பாதி மீள ஒன்றரை நிமிடம் போதும். கோல் செல்களுக்குப் பாதி மீளவே சுமார் 5 நிமிடம். வீட்டுக்குள் பகலில் ஓரளவு வெளிச்சம் இருப்பதால் கூம்புகள் தேறினாலே போதும், அதனால்தான் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. ராத்திரி மின்சாரம் போனால் கதை வேறு. முதல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கூம்புகள் தங்களால் முடிந்த அளவு பழகி நின்றுவிடும். 'இவ்வளவுதான், இனி ஒன்றும் தெரியாது' என்று தோன்றும். அப்புறம்தான் கோல்கள் கூம்புகளை முந்த ஆரம்பிக்கும். அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம் பொறுத்திருந்தால் கண் இருட்டை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். "கண் பழகட்டும், இரு" என்று பெரியவர்கள் சொல்வது எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள். பழகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணை மடித்த கறுப்புத் துணியால் ஒளி புகாமல் கால் மணி நேரம் மூடி வையுங்கள். அழுத்தாமல் மூடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் துணியை எடுங்கள். ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றிப் பாருங்கள். மூடியிருந்த கண்ணில் அறை தெரியும். திறந்திருந்த கண்ணில் கரி பூசினாற்போல இருக்கும். பாவைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இப்படி நடக்க முடியாது, ஏனென்றால் ஒரு கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு பாவைகளும் சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும். விழித்திரைகள் மட்டும் அவரவர் கணக்கை அவரவர் வைத்துக்கொள்கின்றன. உங்கள் மகளையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். ஆனால் இருட்டில் இருவருமே எழுந்து நடக்காதீர்கள். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகக் காட்டும்போது தூரம் பிடிபடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாயங்காலம் இருட்ட இருட்டச் செடிகளைப் பாருங்கள். பகலில் பளிச்சென்றிருந்த சிவப்புப் பூ முதலில் கறுத்துப்போகும், இலைகள் அதைவிட வெளிறித் தெரியும். செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது, நீலப் பச்சைதான் நன்றாகத் தெரியும். கூம்புகளிடமிருந்து கோல்களுக்கு வேலை கைமாறுவதைத்தான் அந்தப் பூ நமக்குக் காட்டுகிறது. இது வெறும் வேடிக்கை இல்லை, பயனும் உண்டு. அந்தக் காலத்தில் எக்ஸ்ரே திரையின் மங்கலான படத்தைப் பார்க்க மருத்துவர்கள் முதலில் இருட்டறையில் நீண்ட நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. 1916-இல் வில்ஹெல்ம் டிரெண்டலென்பர்க் சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் மற்ற வேலை பார்க்கலாம். கோல் செல்கள் அது இருட்டு என்றே நினைத்து உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் இரவில் குளியலறைப் பக்கம் மங்கலான சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் குட்டி விளக்கு ஒன்று போடச் சொல்வது இதனால்தான். வெள்ளை விளக்கைப் போட்டு அணைத்தால், படுக்கைக்குத் திரும்பும் வழியில் நீங்கள் முதலிலிருந்து பழக வேண்டும்.

இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது சீக்கிரம் முடிந்துவிடும். நிறப்பொருள் சிதைவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒளி கூடியதும் செல்களுக்குள் கால்சியம் அளவு இறங்கி, அவை தங்கள் உணர்திறனைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. சில நொடிகளில் பெரும்பகுதி சரியாகிவிடும், முழுதாக ஒத்துப்போகச் சில நிமிடம். அந்த நேரத்தில் கண் கூசும், நீர் வரும், சிலருக்குத் தும்மல்கூட வரும். வெயிலைப் பார்த்தால் தும்முவது ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இருக்கிறது, பரம்பரையாகவும் வருகிறது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண் சிவந்து, வலித்து, சாதாரண விளக்கையும் பார்க்க முடியாமல் கூசினால் அது கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, உங்களுக்கு ஏன் மகளைவிட நேரமாகிறது? முதல் காரணம் வயது. பாவை விரிவது குறைகிறது என்று சொன்னேன். கண் லென்ஸும் வருடங்கள் போகப் போக மஞ்சளாகிறது. இரண்டும் சேர்ந்து, 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதோடு கூனே கண்ட அந்தப் பட்டறையும் வயதாக ஆக நிதானமாக வேலை செய்கிறது. உங்கள் மகள் சுவரைப் பிடிக்காமல் நடப்பதும் நீங்கள் துழாவுவதும் இதனால் மட்டும் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். எட்டு வருடச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் இரண்டாவது காரணமாகப் பார்க்கிறேன். சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை நன்றாகப் படிப்பவருக்கும் இருட்டுக்குப் பழகுவது தாமதமாகத் தொடங்கியிருக்கலாம். கோல் செல்களுக்கு ஆக்சிஜன் தேவை மிக அதிகம், இருட்டில் இன்னும் அதிகம். அதனால் குழாய்களில் ஏற்படும் கோளாறு அங்கே முதலில் தெரிய வாய்ப்பு உண்டு. கடைசியாக எப்போது விழித்திரைச் சோதனை செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. சர்க்கரை உள்ளவர் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை அதைச் செய்துகொள்ள வேண்டும். நீங்கள் செய்யாமல் இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே போங்கள். விழித்திரையில் மாற்றம் தொடங்கியிருந்தால் ஆரம்பத்திலேயே பார்த்துத் தடுக்க இன்று வழி இருக்கிறது. தாமதித்து வருபவர்களுக்குத்தான் எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை. அப்படித் திருப்பி அனுப்ப வேண்டி வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனது கனத்துப்போகிறது.

எதிர் வண்டி விளக்கு விஷயத்தில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கின்றன. விளக்கு அடிக்கும்போதே சாலை மறைகிறது என்றால், லென்ஸில் ஒளி சிதறிப் பனிமூட்டம் போலப் பரவுகிறது என்று பொருள். ஆரம்பக் கண்புரை அப்படிச் செய்யும். விளக்கு கடந்து போன பிறகும் சாலை திரும்ப நேரமாகிறது என்றால், விழித்திரையின் நடுப்பகுதி மீள நேரம் எடுக்கிறது என்று பொருள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. மருத்துவர் இதை எளிதாக அளக்கலாம்: ஒவ்வொரு கண்ணிலும் சில நொடி பிரகாசமான ஒளியைக் காட்டி, பலகை எழுத்து மறுபடி தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார். நல்ல கண் ஒரு நிமிடத்துக்குள் மீண்டுவிடும். அதற்கு மேல் போனாலோ, இரண்டு கண்ணுக்கும் நேரம் வித்தியாசப்பட்டாலோ விழித்திரை நடுப்பகுதியை நன்றாகப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு வரும் மையவிழித்திரைச் சிதைவில், படிக்கும் பார்வை கெடுவதற்கு முன்பே இருட்டுக்குப் பழகுவது தாமதமாகும். இந்த அறிகுறியைப் பலர் 'வயசாச்சு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதுவரை இரவில் கார் ஓட்டாமல் இருந்தால் நல்லது என்பது என் கருத்து. தவிர்க்கவே முடியாவிட்டால், எதிர் விளக்கு வரும்போது அதைப் பார்க்காமல் உங்கள் பக்கச் சாலை ஓரத்துக் கோட்டைப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள், முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வையுங்கள். இரவில் ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்காதீர்கள். வெளிச்சம் பற்றாத நேரத்தில் இருக்கிற ஒளியையும் குறைப்பதற்கு நாமே காசு கொடுப்பது போலாகும் அது.

பகலில் சுரங்கச் சாலைக்குள் போனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நுழையும் இடத்தில் விளக்குகள் மிகப் பிரகாசமாகவும், உள்ளே போகப் போகப் படிப்படியாக மங்கலாகவும் இருக்கும். முதலில் நடுவில்தானே அதிக விளக்கு வேண்டும் என்று தோன்றும். ஓட்டுநரின் விழித்திரைக்கு நேரம் கொடுக்கத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அதே தயவை நம் வீட்டு வாசலுக்கும் காட்டலாம். பகலானாலும் நுழைகிற இடத்தில் ஒரு நல்ல விளக்கு எரியட்டும். படியின் விளிம்பில் வெளிர் நிறப் பட்டை ஒன்று ஒட்டுங்கள். உள்ளே கால் வைத்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு அரை நிமிடம் நில்லுங்கள். யாராவது கூப்பிட்டாலும் நின்றுவிட்டே போங்கள். இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பல பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் விழுந்தது வெளியிலிருந்து உள்ளே வந்த அந்த முதல் நான்கு அடிக்குள்.

வெளியே போகும்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நிறப்பொருள் குறைவாக வெளுத்தால் உள்ளே வந்து மீள வேண்டியதும் குறைவு. பகல் முழுக்கக் கடும் வெயிலில் இருந்தவருக்கு அன்று இரவுகூடக் கண் பழகத் தாமதமாகும். ஆனால் நுழையும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போட்டிருக்கிறீர்களா? அது உள்ளே வந்ததும் தெளியப் பல நிமிடம் எடுக்கும். உங்கள் சிரமத்தில் ஒரு பங்கு அந்தக் கண்ணாடியினுடையதாகவே இருக்கலாம்.

இனி மாலைக்கண், காரட். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மங்கிய வெளிச்சத்தில் பார்வை வராமலே இருப்பதைத்தான் மாலைக்கண் என்கிறோம். "நேரம் போகப் போக எனக்கும் தெரிகிறது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுடையது தாமதம். மாலைக்கண் என்று சொல்ல மாட்டேன். வைட்டமின் ஏ குறைந்தால் பட்டறைக்குச் சரக்கு கிடைக்காமல் மாலைக்கண் வரும் என்பது உண்மை. ஆனால் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அது குறைவது அரிது. குடலில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சத்து உடலில் சேராமல் குறையலாம். குறைவில்லாதவர் மேலும் மேலும் சாப்பிட்டால் கண் கூடுதலாகக் கூர்மையாகாது. காரட் நம்பிக்கைக்கு இரண்டாம் உலகப் போரும் ஒரு காரணம். பிரிட்டன் விமானி ஜான் கன்னிங்ஹாம் இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்துவது காரட் சாப்பிடுவதால்தான் என்று அப்போது பரப்பினார்கள். விமானத்தில் இருந்த ரேடார் அப்போது ரகசியம். காரட், கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். அது உடலில் தங்கும், அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வெயிலில் இருந்து உள்ளே வந்ததும் வாசலில் பிடிமானத்தோடு நின்று, எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தின் முட்கள் தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஒரு நாள் வலது கண்ணை மூடி, அடுத்த நாள் இடது கண்ணை மூடி எண்ணுங்கள். "கொஞ்ச நேரம் தெரியவில்லை" என்று சொல்வதைவிட "வலது கண்ணில் 40 நொடி, இடது கண்ணில் 90" என்று சொன்னால் எங்களுக்குப் பாதி வழி தெரிந்துவிடும். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, கண்ணில் விடும் சொட்டு மருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பைலோகார்பின் மாதிரிச் சில சொட்டுகள் பாவையை இறுக்கிச் சுருக்கி வைத்து இருட்டில் பார்வையைக் குறைக்கும்.

ஆனால் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மறைந்து திரும்பினால், திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைந்தால், மின்னல் வெட்டியதுபோல் தெரிந்து கறுப்புப் புள்ளிகள் கொட்டினால், நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், அல்லது இரண்டு பாவைகளும் புதிதாக வெவ்வேறு அளவில் இருந்தால், ஒரு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே போய்விடுங்கள்.

சோதனைக்குப் போகும்போது நீங்கள் கார் ஓட்டிப் போக வேண்டாம், மகளை ஓட்டச் சொல்லுங்கள். விழித்திரையைப் பார்ப்பதற்காகச் சொட்டு விட்டுப் பாவையை விரித்து வைப்பார்கள். சில மணி நேரம் அது சுருங்காது. வெளியே வந்ததும் கண் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது, கறுப்புக் கண்ணாடி தேவைப்படும். அப்படியும் தெரு தெரியும், மகள் முகம் தெரியும். அசையாமல் விரிந்து கிடக்கும் பாவையை வைத்துக்கொண்டு உச்சி வெயிலிலும் எப்படித் தெரிகிறது என்று அப்போது மகளிடம் கேளுங்கள். பாப்பாதான் எல்லாம் என்று சொன்னவர் அவர்தானே. சோதனையில் என்ன தெரிந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.